எடுத்த கை

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ராகோரா துறைக்கு ஒரு வெள்ளைக் கார் இறங்கி வந்தது.

எங்கள் பாதையில் கார் வர இரண்டே காரணம்தான் உண்டு. ஓட்டு, அல்லது சாவு. தேர்தல் முடிந்து ஏழு மாதமாகியிருந்தது. அதனால் ஏரிக்கரையில் ஒமேனா மீன் உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து, நெற்றியில் கை வைத்து, யார் வீட்டுப் பிணம் என்று பார்த்தார்கள்.

கதவு திறந்தது. இறங்கியது அவிட்டி.

"அடி, நம்ம அவிட்டிடி" என்றாள் ஒருத்தி. "கண்ணாடிய ஏத்திக்கிட்டே வந்திருக்கா பாரு. மீன் நாத்தம் கிசுமு வரைக்கும் கூட வருமாம்."

"அவ வயசுல நீ கழுதை மேலகூட ஏறினதில்ல. நீ பேசு."

சிரித்தார்கள். அவிட்டி சிரிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் கணவன் பெத்வெல் இறங்கினான். அவனுக்குப் பின்னால் நீல உடுப்பில், மடிப்புக் கலையாமல், ஒரு நடுவயதுப் பெண். கையில் கறுப்புத் தோல் போட்ட வேதாகமம். பாஸ்டரம்மா லோயிஸ் என்று பிறகு தெரிந்தது.

மழைக்காலம் தொடங்கும் வாரம் அது. ஒமேனா விரல் நீளப் பொடிமீன். பழைய வலையை மணலில் விரித்து, அள்ளி இறைத்து, விளக்குமாற்றால் புரட்டிப் புரட்டிக் காயவைக்க வேண்டும். நல்ல வெயிலில் ஒரே நாளில் வெள்ளிக் கம்பி மாதிரி முறுகிவிடும். நடுவில் ஒரு தூறல் விழுந்தால் போதும், மனுஷர் தின்னும் மீன் கோழித் தீவனமாகிவிடும். ஆகவே யார் வந்தாலும் ஒரு கண் வானத்தில்தான்.

மிகாயி மட்டும் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

மிகாயி என்றால் மூத்த மனைவி. செத்துப்போன ஒடிண்டோவின் முதல் தாரம். எழுபது வயதிருக்கும். அவிட்டியைப் பெற்றவள் இரண்டாம் தாரம் டோர்சிலா. ஆனால் கிசுமு நகரத்திலிருந்து எப்போது வந்தாலும் அவிட்டி முதலில் மிகாயியிடம்தான் போவாள். கையைப் பிடித்தால் விடமாட்டாள். பிடித்த கையோடேயே யார் செத்தார்கள், யார் பெற்றார்கள், எந்தப் படகு கவிழ்ந்தது என்று கால்மணி நேரம் பேசிவிட்டுத்தான் பெற்றவள் வீட்டுக்குப் போவாள்.

மிகாயி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

அவிட்டி அந்தக் கையைப் பார்த்தாள். பின்னால் பாஸ்டரம்மா லேசாகத் தொண்டையைச் செருமினாள்.

"நல்லா இருக்கீங்களா பெரியம்மா" என்று சொல்லிவிட்டு அவிட்டி நடந்து போய்விட்டாள்.

நீட்டிய கை கொஞ்சநேரம் அப்படியே இருந்தது.

"செதிலு ஒட்டியிருக்கு. நல்ல சட்டை போட்டிருக்கா, அதான்" என்றாள் மிகாயி, யாரிடமும் இல்லாமல். விளக்குமாற்றை எடுத்தாள்.

நான் இதையெல்லாம் எடைக் கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர்த் தலைவர் அலுவலகத்தில் நான் கரானி, எழுத்து வேலை. படகுப் பதிவு, பிறப்பு, இறப்பு, நாய் கடித்த புகார் எல்லாம் என் கைதான் எழுதும். என் பெயர் ஒயோ. சந்தைக்குப் போகிற வழியில் அம்மா என்னைப் பெற்றாள். வழியில் வந்தவன் என்று அர்த்தம். ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கரானிதான். ஒடிண்டோ வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு கள்ளி வேலி, அவ்வளவுதான். அந்த வீட்டில் உப்பு கூடினால்கூட எனக்குத் தெரிந்துவிடும்.

ஒரு மணி நேரத்தில் எனக்கு ஆள் வந்தது. முத்திரையை எடுத்துக்கொண்டு வரச்சொன்னார்கள்.

டோர்சிலா வீட்டில் பால் தேநீர், ரொட்டி, வெண்ணெய் எல்லாம் மேசையில் இருந்தன. யாரும் தொடவில்லை.

"உக்காரு கரானி" என்றாள் டோர்சிலா. "உன் ஆபீசுல கிழங்கு மாத்தற மாதிரி பேரு மாத்தித் தர்றீங்களாமே. இவளுக்கு ஒண்ணு வேணுமாம்."

"சின்ன வேலை சார்" என்றான் பெத்வெல். "பெத்தவங்க சம்மதம்னு கைரேகை. ஊர் ஆபீஸ் சீல். மிச்சத்தைக் கிசுமுல வக்கீல் பாத்துக்குவார்."

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். இப்போதைய பெயர்: பியாட்ரிஸ் அவிட்டி. கோரும் பெயர்: பியாட்ரிஸ் பிளெசிங் பெத்வெல். மூன்றில் ஒன்றுகூட எங்கள் ஏரித் தண்ணீர் குடித்ததில்லை.

எனக்கு இது புதிதில்லை. என் பிறப்புப் பதிவேட்டைத் திறந்தால் முன்பெல்லாம் வருஷமே தெரியும். களையெடுப்பில் பிறந்த பெண்கள், பஞ்சத்தில் பிறந்த பையன்கள், குப்புற வந்தவர்கள், கொடி சுற்றி வந்தவர்கள். எந்த மாதம் மழை பொய்த்தது என்று மழைமானி பார்க்க வேண்டாம், பெயர்களை எண்ணினால் போதும். இப்போது பக்கம் பக்கமாக பிரைட்டன், பிரஷ்யஸ், வின்சென்ட். அவர்கள் வெயிலில் பிறந்தார்களா மழையில் பிறந்தார்களா, எழுதின எனக்கே தெரியாது.

"எதுக்குடி?" என்றாள் டோர்சிலா மகளிடம். "முப்பத்தி நாலு வருசமா அந்தப் பேருல சோறு தின்னல?"

அவிட்டி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"மூணு தடவைம்மா. முதல்ல ரெண்டு மாசம். அப்புறம் அஞ்சு. போன ஆகஸ்ட்ல எட்டு மாசம். முழு முகம். உன் மூக்கு."

"தெரியும். நான்தானே துணியில சுத்தினேன்."

"என் வேலையே ரத்தம் பாக்கறதும்மா. ஆஸ்பத்திரியில அடுத்தவங்க ரத்தத்துல என்ன இருக்குன்னு நான்தான் எழுதித் தர்றேன். என்னோடதை நானே பாத்தேன். அவரோடதையும் பாத்தேன். நைரோபிக்கு அனுப்பிப் பாத்தேன். ஒண்ணுமில்ல. ஏதாவது இருந்தா மருந்து திங்கலாம். ஒண்ணுமில்லன்னா எங்கம்மா போறது?"

வெளியே விளக்குமாறு மணலில் இழுபடும் ஓசை கேட்டது. கரை அங்கிருந்து முந்நூறு அடிதான்.

"அந்த எடத்துலதான் நாங்க வர்றோம்" என்றாள் பாஸ்டரம்மா. மிருதுவான குரல். காய்ச்சல்காரக் குழந்தைக்குக் கஞ்சி கொடுக்கிற குரல். "அம்மா, அவிட்டின்னா என்ன அர்த்தம்?"

"உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் நம்ம லுவோ சனம் இல்லையா?"

"உங்க வாயால கேக்கறேன்."

"தூக்கிப் போட்டது."

"ஒரு நாளைக்கு எத்தனை பேரு அவளை அப்படிக் கூப்பிடறாங்க? ஆஸ்பத்திரியில, பஸ்ஸுல, வீட்டுல. தூக்கிப்போட்டது வா, தூக்கிப்போட்டது போ. அவ வயித்துக்குக் காது இல்லையாம்மா?"

நல்ல கேள்வி. அதுதான் அந்த அம்மாளிடம் பயம்.

டோர்சிலா சட்டென்று மடங்கிவிடவில்லை. அதைச் சொல்ல வேண்டும்.

"வயித்துக்குக் காது இருக்கான்னு எனக்குத் தெரியாது. சாவுக்கு இருக்கு" என்றாள். "இவளுக்கு முன்னாடி நாலு பெத்தேன். மூட்டமா இருந்த காலையில ஒலுவோச். களையெடுப்புல அடோயோ. அறுவடையில அகேயோ. பஞ்சத்துல ஒகேச். நாலு பேரையும் ஆசையா பேரு சொல்லிக் கூப்பிட்டேன். ஒண்ணுகூட நடக்கற வரைக்கும் இருக்கல. சாவு கதவு வரைக்கும் வந்து, பேரைக் கேட்டுக்கிட்டு, தூக்கிட்டுப் போச்சு. அஞ்சாவதா இவ. எங்க மாமியா சொன்னா, இது யாருக்கும் வேண்டாத புள்ளைன்னு காட்டணும்னு. தொப்புள்கொடி விழுந்த அன்னைக்கே கொண்டுபோய் துறைக்குப் போற வழியில போட்டோம். குப்பை மேலதான். சாவு வந்து பாத்துச்சு. தூக்கிப் போட்டதையா எடுத்துட்டுப் போறதுன்னு போயிருச்சு. புரியுதா? அந்தப் பேருக்குள்ளதான் இவ ஒளிஞ்சிருக்கா. அதை எடுத்தா இவ வெளியில வந்துருவா."

"அவ வெளியில வரணும்மா. அதுதான் நாங்க கேக்கறது."

"நீங்க கேளுங்க. நான் கைரேகை வைக்கமாட்டேன்."

பெத்வெல் பெருமூச்சு விட்டுக் கைப்பேசியைப் பார்த்தான். நான் முத்திரையைப் பையில் போட்டேன். விவகாரம் முடிந்தது என்றே நினைத்தேன்.

பாஸ்டரம்மா தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"போட்டீங்க சரி" என்றாள். "எடுத்தது யாரு?"

டோர்சிலாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். போடுகிற பிள்ளையை எடுக்க ஓர் ஆளைச் சொல்லி வைப்பார்கள். ரத்த உறவாக இருக்கக் கூடாது. தற்செயலாக வருவதுபோல வந்து, 'ஐயோ யாரோ பிள்ளையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்களே' என்று எடுத்து, வீடு வீடாகக் காட்டி, கடைசியில் பெற்றவளிடமே வந்து, ஒரு கோழியை வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போவாள். யார் கை முதலில் தொடுகிறதோ அதுதான் எடுத்த கை. பிறகு மாற்ற முடியாது. பெற்றவள் வேலிக்குப் பின்னால் நின்று பார்க்கலாம். குரல் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் சாவுக்குத் தெரிந்துவிடும்.

அன்றைக்குச் சொல்லி வைத்திருந்தது மேட்டுத்தெரு தச்சன் மனைவியை. மழை கட்டிக்கொண்டு வந்ததால் அவள் எங்கேயோ ஒதுங்கிவிட்டாள். ஏரியிலிருந்து கூடையோடு முதலில் ஏறி வந்தது மிகாயி.

"அவ யாரு தெரியுமா?" என்றாள் டோர்சிலா. குரல் இறங்கியிருந்தது. "ஒரு புள்ளை பெறாதவ. என் நாலு புள்ளையும் செத்தப்போ ஊரு யாரைக் காட்டிச்சு? அவ கண்ணைத்தான். நான் கள்ளிக்குப் பின்னாடி நிக்கறேன். வாயைத் திறக்க முடியாது. சுத்திப் போடி, சுத்திப் போடின்னு மனசுக்குள்ள கத்தறேன். சுத்திப் போறதுக்கு எடமிருந்துச்சு. அவ கூடையை இறக்கிட்டா. எடுத்துட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நான் என் புள்ளைய அவ கையிலயிருந்து கோழி குடுத்து வாங்கினேன். கோழியை வேண்டாம்னுட்டா. அதுகூட ஒரு திமிரு. இவ பேச ஆரம்பிச்சப்போ அம்மான்னு முதல்ல யாரைக் கூப்பிட்டா? காய்ச்சல் வந்தா யாரு தோள்ல ஏறுவா? பள்ளிக்கூடத்துல உன் அம்மா பேரென்னன்னு கேட்டதுக்கு ரெண்டு பேரு சொன்னவ இவ. ஒவ்வொரு தடவையும் கார்ல, பஸ்ல வந்து எறங்கினா யாரு கையை முதல்ல பிடிக்கறா? நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன், முப்பத்தி நாலு வருசமா."

"அம்மா" என்றாள் அவிட்டி.

"நீ சும்மா இருடி."

பாஸ்டரம்மா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பேரு இல்லம்மா பிரச்சினை" என்றாள் இன்னும் மிருதுவாக. "கை. பெறாத கை எடுத்துச்சு. பெறாமையையும் சேத்துக் குடுத்துச்சு."

டோர்சிலா முப்பத்தி நாலு வருஷத்தைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். பார்த்தாலே தெரிந்தது. பெயரை விடுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கையை விடுவதற்கு இப்படி ஒரு வழி கிடைக்கும் என்று அவள் கனவிலும் நினைத்திருக்கமாட்டாள்.

"மையை எடு கரானி" என்றாள்.

கைரேகை வாங்கினேன். அதோடு விடவில்லை. ஜெபத்தில் வாசிக்க ஓர் அறிக்கை வேண்டும் என்றாள் பாஸ்டரம்மா. என் கையெழுத்து நன்றாயிருக்கிறதாம். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். '...மேற்படி குழந்தையை அந்த ஸ்திரீ பொறாமையினாலும் கெட்ட மனதினாலும் எடுத்தாள் என்று பெற்ற தாயாகிய நான் அறிவிக்கிறேன்.' எழுதும்போது ஒரு தடவை நிமிர்ந்து அவிட்டியைப் பார்த்தேன். தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானாவது தடுத்திருக்கலாம். கரானி எழுதுவான், கேட்கமாட்டான். அப்படித்தான் இருபது வருஷம் வேலை பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் மிகாயியிடம் சொல்லுகிற வேலையும் எனக்கே வந்தது.

அவள் களி கிண்டிக்கொண்டிருந்தாள். மக்காச்சோளக் களி, பக்கத்தில் ஒரு சட்டியில் கீரை, இன்னொன்றில் தக்காளி போட்டு வதக்கின ஒமேனா. மீன் முழுதும் காய்ந்துவிட்டதாம், மழை ஏமாற்றிவிட்டதாம். அந்தச் சந்தோஷத்தில் இருந்தாள்.

"வா கரானி. சாப்பிடற நேரம் பாத்து வர்றதுல உன்னை அடிச்சுக்க ஆளில்ல."

"பசியில்ல மிகாயி."

"பொய் சொல்ற. பசியில்லாத கரானி எங்க இருக்கான்?" தட்டில் களியைக் கவிழ்த்தாள். "சொல்லு. சின்னவ வீட்டுல என்ன? காலையிலயிருந்து ரொட்டி வாசனை வருது, எனக்கு ஒரு துண்டு வரல."

சொன்னேன். பெயர் மாற்றுவதைச் சொன்னேன். மூன்று தடவை கலைந்ததைச் சொன்னேன். அது அவளுக்குத் தெரியும். கையைப் பற்றிச் சொல்லும்போது சுற்றி வளைத்தேன். அறிக்கையைப் பற்றிச் சொல்லவே இல்லை.

அவள் களியைப் பிட்டு, உருட்டி, நடுவில் குழி பண்ணி, கீரையைத் தொட்டு வாயில் போட்டாள். மென்றாள்.

"என் கையில என்னவோ இருக்குன்னு சொல்றாங்க."

"அப்படித்தான்..."

"சின்னவ அதை மொதல்லயிருந்தே சொல்றா. என் காது கேக்காதுன்னு நெனப்பு. நாலாவது புள்ளைய புதைச்சப்போ அவ மண்ணு போட்டுட்டு என்னைப் பாத்தா பாரு ஒரு பார்வை. அன்னைக்கே நான் உயோமாவுக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருக்கணும். புருஷன் வீட்டை விட்டுப் போனா, செத்தா குழி எங்கன்னு கேப்பாங்கன்னு உக்காந்துட்டேன்."

"அப்ப ஏன் எடுத்தீங்க?" கேட்டுவிட்டேன். ரொம்ப நாளாக எனக்கிருந்த சந்தேகம். "அதுவும் செத்திருந்தா உங்க தலையில இல்ல விழுந்திருக்கும். எல்லாரும் சொன்னது சரிதான்னு ஆயிருக்கும். சுத்திப் போயிருக்கலாமே."

அவள் என்னை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"மழை வந்துருச்சு. புள்ளை நனையுது."

அவ்வளவுதான். அடுத்த உருண்டையைப் பிட்டாள்.

"என்ன பண்ணணுமாம் நான்?"

"நாளைக்கி மூணு மணிக்கு அதே எடத்துல அவ படுப்பா. நீங்க அன்னைக்கி மாதிரியே ஏரியிலயிருந்து கூடையோட வரணும். வந்து... எடுக்காம, தொடாம, தாண்டிப் போயிரணும். அப்ப அன்னைக்கி எடுத்தது இல்லேன்னு ஆயிரும்."

"யாரு சொல்லிக் குடுத்த சாங்கியம் இது? நம்மள்ல இப்படி இல்லையே."

"அந்தப் பாஸ்டரம்மாவே செஞ்சது."

"சாங்கியமெல்லாம் பேய்ங்கறாங்க, புதுசா ஒண்ணு செய்யவும் செய்யறாங்க." சிரித்தாள். இரண்டு பல்தான் முன்னால். பிறகு சிரிப்பு போய்விட்டது. "அப்படி நடந்தா அவளுக்குப் புள்ளை நிக்குமா?"

"நிக்கும்ங்கறாங்க."

"நீ என்ன சொல்ற?"

"எனக்கு எழுத மட்டும்தான் தெரியும் மிகாயி."

"அப்ப நடக்கறேன். நடக்கறதுல என்ன இருக்கு. ஆயிரம் தடவை நடந்த வழி." கையைக் கழுவினாள். "அவ வந்து கேட்டிருக்கலாம். நீ எதுக்கு வந்த? சரி, சாப்பிடு. களி ஆறிப்போச்சு."

சனிக்கிழமை மூன்று மணிக்கு வழியின் இரண்டு பக்கமும் ஊர் நின்றது. பாஸ்டரம்மாவின் சபையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். ஒலிபெருக்கியை வேலி மரத்தில் கட்டியிருந்தார்கள். குப்பைமேடு இருந்த இடத்தில் இப்போது ஒரு வாழை நிற்கிறது. அதற்கு முன்னால் புதுக் கோரைப்பாயை விரித்தார்கள். பாஸ்டரம்மா பாயை எடுத்துவிடச் சொன்னாள். அன்றைக்குப் பாய் இருந்ததா? இல்லை. ஆகவே மண்ணில்தான் படுக்க வேண்டும்.

அவிட்டி படுத்தாள். வெள்ளைச் சட்டை, முழங்காலுக்குக் கீழே இறங்குகிற பாவாடை. கண்ணை மூடிக்கொண்டாள். முப்பத்தி நாலு வயசுப் பெண், காலேஜ் படித்தவள், ஊர் பார்க்க வழியில் மல்லாந்து கிடந்தாள். கூட்டத்தில் ஒருத்தி சிரிக்கப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவள் இடித்தாள்.

"ரெண்டு விஷயம்" என்றாள் பாஸ்டரம்மா ஒலிபெருக்கியில். "ஒண்ணு, அந்தப் பழைய பேரு இந்த நிமிஷத்துலயிருந்து யார் வாயிலயும் வரக் கூடாது. வந்தா திரும்ப ஒட்டிக்கும். ரெண்டாவது, யாரும் அவளைத் தொடக் கூடாது. கை குடுக்கக் கூடாது. மனுஷக் கை எடுத்ததுதான் முதல்ல தப்பு. இந்தத் தடவை அவளாவே எந்திரிக்கணும்."

பிறகு அறிக்கையை வாசித்தாள். 'பொறாமையினாலும் கெட்ட மனதினாலும்' என்ற இடத்தில் குரலை உயர்த்தினாள். ஒலிபெருக்கி இரைந்தது. கரை வரை கேட்டிருக்கும்.

மிகாயி கீழே, சரிவின் தொடக்கத்தில், தலையில் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். நான்தான் அவளை அங்கே நிறுத்தி வைத்திருந்தேன். முழுதும் கேட்டாள்.

"அது நீ எழுதினதா கரானி?"

நான் அவள் தலையிலிருந்த கூடையைச் சரிசெய்யப் போனேன்.

"நல்லா எழுதியிருப்ப. உன் எழுத்து அழகா இருக்கும்னு சொல்வாங்க. நமக்குத்தான் படிக்கத் தெரியாது" என்றாள். கோபமில்லை. அது இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வரலாம்" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

மிகாயி ஏறினாள். கூடை நிறைய ஒமேனா. ஒரு கை கூடையில், ஒரு கை இடுப்பில். பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அவள் அவிட்டியின் கால்மாட்டுக்கு வந்தாள். வழி அங்கே குறுகல். ஓரமாகத்தான் போக முடியும்.

நின்றாள்.

டோர்சிலாவின் மூச்சு எனக்குக் கேட்டது. கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதது, அதன் வாயைப் பொத்தினார்கள். மிகாயி ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தாள். எடுத்துவிடப் போகிறாள் என்றே எல்லாரும் நினைத்தோம். அவள் அவிட்டியின் பாவாடை ஓரத்தைப் பிடித்தாள். காற்றில் முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. கீழே இழுத்துவிட்டாள். ஆண்பிள்ளைகள் நிற்கிற இடமல்லவா. பிறகு நிமிர்ந்து தாண்டிப் போனாள்.

"தொட்டுட்டாங்க" என்றாள் பாஸ்டரம்மா.

"துணியத்தானே" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"தொட்டது தொட்டதுதான். மறுபடியும்."

மிகாயி திரும்பிப் பார்த்தாள். பெத்வெல் அவளை நோக்கி, மாடு ஓட்டுவது போல, கீழே போகச் சொல்லிக் கையைக் காட்டினான். பெரியவர்களுக்கு முன்னால் எங்கள் பக்கம் யாரும் அப்படிக் கையை ஆட்டமாட்டார்கள். அவள் வேலிப்பக்கமாகச் சுற்றிச் சரிவில் இறங்கினாள். மறுபடி அதே இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். மறுபடி ஏறினாள்.

இந்தத் தடவை புல்லில் நடந்தாள், வழியை விட்டு நாலு முழம் தள்ளி. தலையைத் திருப்பவில்லை. வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. முன்பின் தெரியாத ஊரில் முன்பின் தெரியாத ஒருத்தி போவது போலப் போனாள். முப்பத்தி நாலு வருஷத்துக்கு முன்னால் அவளால் முடியாமல் போனதை அன்றைக்கு அவள் சுத்தமாகச் செய்தாள்.

சபைக்காரர்கள் கை தட்டிப் பாட ஆரம்பித்தார்கள்.

ஒடிண்டோ வீட்டு வாசலுக்கு வந்ததும் மிகாயி கூடையை இறக்கினாள். உள்ளே போவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. கூடையை வாசல் கல்லின் மேல் வைத்துவிட்டு, இடுப்புத் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு, பெரிய சாலைப் பக்கம் நடந்தாள். உயோமா பஸ் நாலரைக்கு. வேறு யாராவது கவனித்தார்களா தெரியாது. எல்லாரும் பாயில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போயாச்சு. எந்திரிம்மா பிளெசிங்" என்றாள் பாஸ்டரம்மா.

அவிட்டி அசையவில்லை.

"பிளெசிங். எல்லாம் முடிஞ்சது. எந்திரி."

கூட்டத்தில் ஒரு பாட்டியார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். பாட்டு சுருதி இறங்கி நின்றுபோனது. மூடிய கண்ணின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் இறங்கி அவிட்டியின் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. கையை மண்ணில் ஊன்றி எழப் பார்ப்பாள், ஊன்றின கை அப்படியே கிடக்கும்.

"பிளெசிங்" என்றான் பெத்வெல். அவனுக்கும் அது பழகாத பெயர். கேள்வி மாதிரி வந்தது.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். வெயில் சாய்ந்தது. டோர்சிலா ஓரடி முன்னால் வைத்தாள். பாஸ்டரம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"தொடாதீங்கம்மா. கெட்டுரும்."

"தொடல. கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க. புதுப் பேரு சொல்லிக் கூப்பிடுங்க. பெத்தவ கூப்பிட்டா எந்திரிப்பா."

டோர்சிலா வாயைத் திறந்தாள். உதடு முதலில் அந்தப் பழைய பெயருக்குக் குவிந்தது. அதைப் பாதியில் விழுங்கினாள். மறுபடி திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஊரே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மண்ணில் கிடந்தவள் கண்ணைத் திறக்காமல் முகத்தை மட்டும் இந்தப் பக்கமாகத் திருப்பினாள்.

டோர்சிலா பின்னால் நகர்ந்து என் பக்கத்தில் வந்தாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"கரானி" என்றாள் காதுக்குள். "அந்தப் புதுப் பேரு என்ன? நீதானே கைரேகை வாங்கின. எனக்கு மறந்துபோச்சு."